உங்கள் டாரட் சீட்டுக்கட்டில் அச்சுப்பிழை இல்லை
குறி பார்க்கப் பயன்படும் டாரட் சீட்டுகளில், பிரெஞ்சு மரபைச் சேர்ந்த மார்செய் கட்டு வாங்கியதாகவும், அதில் 'நீதி' 8, 'வலிமை' 11 என்று இருக்க, உங்கள் புத்தகத்தில் அது தலைகீழாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 13ஆம் சீட்டில் பெயரே இல்லை, திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றும் கேட்கிறீர்கள். தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்!

8 நீதி, 11 வலிமை என்பதுதான் மார்செய் வரிசை. 1909இல் லண்டனில் வெளியான, ஏ. இ. வெயிட் என்ற மறைஞான எழுத்தாளரின் சீட்டுக்கட்டில் இவை இரண்டும் இடம் மாறின. வலிமைக்குச் சிம்மம், நீதிக்குத் துலாம் என்று வைத்து, ராசி வரிசைக்கு ஏற்ப மாற்றினார்கள். உங்கள் புத்தகம் அந்தக் கட்டைப் பின்பற்றுவதாகத்தான் தெரிகிறது. 13ஆம் சீட்டு மரணத்தைக் குறிப்பது. மார்செய் மரபில் அதன் பெயரை எழுதுவதில்லை.

அப்புறம், யாராவது டாரட்டை எகிப்திய ரகசியம் என்றால் நம்பாதீர்கள். அது 1781இல் பாரிசில் கூர் தெ ஜெபலன் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் கிளப்பிய கதை. டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டாட்டத்துக்காகப் பிறந்தது. நம் சீட்டாட்டத்தில் துருப்பு வெட்டுவது போலவே, அங்கே நீதி, வலிமை, மரணம் போன்ற இந்தப் படச்சீட்டுகள் மற்றவற்றை வெட்டும்.

ஒன்று மட்டும் செய்யுங்கள், சீட்டுகளை எண்ணிப் பாருங்கள். படச்சீட்டு 22, எண் இல்லாத 'பித்தன்' உட்பட. கோப்பை, வாள், நாணயம், கோல் என்ற நான்கு இனங்கள் ஒவ்வொன்றிலும் 14. மொத்தம் 78. குறைந்தால் மட்டும் கடைக்குப் போங்கள்.