பாமாயில் ரேட்டு பத்தி கேட்ட ரங்கூன் கடைக்கார அண்ணனுக்கு

அண்ணே, கவர்மென்ட் சொல்ற ரேட்டுக்கு மொத்தக்கடையில பாமாயிலே கிடைக்கல, இன்னும் ஸ்ட்ரிக்ட்டா கன்ட்ரோல் பண்ணா சரியாகுமான்னு கேட்டிருந்தீங்க. ஆகாதுண்ணே. பாமாயில் டாலர் குடுத்து வெளிநாட்டுல வாங்குற சரக்கு. 2022 ஏப்ரல்ல பர்மா சென்ட்ரல் பேங்க் ஒரு டாலரை 1850 கியாட்னு (பர்மா காசு) கட்டி வச்சு ஆகஸ்ட்ல 2100 ஆக்கினாங்க, வெளிச்சந்தையில டாலர் ரேட்டு அதைத் தாண்டி எங்கயோ போயிடுச்சு, அப்புறம் கவர்மென்ட் ரேட்டுக்கு விக்கணும்னா இறக்குமதி பண்றவன் நஷ்டத்துக்கா எண்ணெய் கொண்டாருவான்? கொண்டாந்த கொஞ்சமும் பின்வாசல்லதான் போகும். 1964ல கடைங்கள அரசாங்கமே எடுத்துக்கிட்டப்பவும் இதே கதைதான், நம்மாளுங்க நெறையப் பேரு ஊருக்குக் கப்பலேறினதுதான் மிச்சம் (எங்க தாத்தா காலத்துப் புலம்பல், விடுங்க).

நீங்க டின்னு டின்னா அடுக்கி வைக்காதீங்க, பதுக்கல்னு கேஸ் போட்டுருவாங்க, வாங்குன பில்லு பத்திரம். நடு பர்மாவுல மகுவே பக்கத்து கடலை எண்ணெய் விலை கூடதான், ஆனா அது உள்நாட்டு சரக்கு, கப்பலுக்குக் காத்திருக்க வேணாம், அதைச் சின்ன பாட்டில்ல ஊத்தி வித்துப் பாருங்க.