பழைய கைப்பேசித் திரை பயன்படுமா?

கேள்வி: பழுதான கைப்பேசியின் திரையைக் கழற்றி, நான் செய்துவரும் மின்னணு வெப்பமானியில் பொருத்த முடியுமா? ஸ்மார்ட்போன் திரையும் இதற்கு உதவுமா?

பதில்: முடியும், ஆனால் அது எந்தக் கைப்பேசி என்பதைப் பொறுத்தது. 1998இல் வெளிவந்த நோக்கியா 5110இன் கறுப்பு வெள்ளைத் திரையை ஆர்வலர்கள் இன்றும் நாடுவதற்குக் காரணம், அதிலுள்ள பி.சி.டி.8544 என்ற கட்டுப்பாட்டுச் சில்லின் தரவுத்தாள் (அதை இயக்கும் விவரங்கள் அடங்கிய ஆவணம்) எவருக்கும் கிடைப்பதுதான். 84 × 48 புள்ளிகள் கொண்ட அத்திரைக்கு 504 பைட் நினைவகமே போதும் என்பதால், சிறிய மைக்ரோகன்ட்ரோலர்கூட (நிரலை இயக்கும் ஒற்றைச் சில்லுக் கணினி) ஐந்து சமிக்ஞைக் கம்பிகளால் அதை இயக்கிவிடும். அதில் எழுதலாம், எழுதியதைத் திரும்பப் படிக்க இயலாது. ஆகவே படம் வரைய விரும்பினால் அந்த 504 பைட்டின் நகலை உங்கள் நிரலிலேயே வைத்திருக்க வேண்டும். வெப்பநிலையை வெறும் எண்ணாகக் காட்ட அந்தத் தொல்லை இல்லை.

மின்னழுத்தத்தில் கவனம் தேவை. அந்தச் சில்லு 3.3 வோல்ட்டில் இயங்குவது. ஆர்டுயினோ ஊனோ போன்ற 5 வோல்ட் மைக்ரோகன்ட்ரோலர் பலகையோடு இணைக்கும்போது இடையில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் சுற்று இருப்பது நல்லது. மின்சாரம் கொடுத்தவுடன் ரீசெட் துடிப்பை (சில்லைத் தொடக்கநிலைக்குக் கொண்டுவரும் குறுகிய சமிக்ஞை) அனுப்பத் தவறக் கூடாது. திரை வெறுமையாகவோ முழுக் கறுப்பாகவோ தெரிந்தால் உடனே தூக்கி எறிந்துவிடாதீர்கள். பெரும்பாலும் நிரலில் கான்ட்ராஸ்ட் மதிப்பை மாற்றினாலே எழுத்துகள் தோன்றிவிடும்.

ஸ்மார்ட்போன் திரையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றில் பெரும்பாலானவை எம்.ஐ.பி.ஐ. எனப்படும், திரைக்குத் தரவு அனுப்பும் அதிவேக இணைப்பைக் கேட்பவை, சாதாரண மைக்ரோகன்ட்ரோலரால் அதற்கு ஈடுகொடுக்க இயலாது.