ஆபீஸ் ப்ராக்ஸியில் (நெட்டுக்குப் போகும் வழியில் நடுவே நிற்கும் சர்வர்) பிரவுசர் நன்றாக ஓடுகிறது, விண்டோஸ் அப்டேட் மட்டும் ஏறவில்லை. என்ன செய்யலாம்?

பிரவுசர் ஓடுவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். செட்டிங்ஸில் நீங்கள் போட்ட ப்ராக்ஸி உங்கள் லாகினுக்கு மட்டும் உரியது. அப்டேட் சர்வீஸ் உங்கள் லாகினில் அல்ல, விண்டோஸின் சொந்தக் கணக்கான சிஸ்டம் கணக்கில் பின்னணியில் ஓடுகிறது. அது பார்ப்பது வின்ஹெச்டிடிபி என்ற தனி ப்ராக்ஸி அமைப்பை.

கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினாகத் திறந்து 'நெட்ஷ் வின்ஹெச்டிடிபி ஷோ ப்ராக்ஸி' என்று கொடுங்கள். 'டைரக்ட் ஆக்சஸ்', அதாவது ப்ராக்ஸி எதுவும் இல்லை, என்று வந்தால் அநேகமாகக் கோளாறு அங்கேதான். அதே கட்டளையில் 'ஷோ' இருக்கும் இடத்தில் 'செட்' போட்டு, ப்ராக்ஸி முகவரியையும் போர்ட்டையும் சேர்த்துக் கொடுத்தால் போதும். செட்டிங்ஸில் உள்ள ப்ராக்ஸியை அப்படியே எடுத்துக்கொள்ள 'இம்போர்ட்' என்றும் ஒன்று உண்டு. ஆனால் உங்கள் ஆபீஸில் ஆட்டோமேட்டிக் ஸ்கிரிப்ட் முகவரி (எந்த ப்ராக்ஸி வழியே போவது என்று சொல்லும் ஃபைலின் முகவரி) மட்டும் கொடுத்திருந்தால் அது உதவாது.

திருநெல்வேலிப் பக்கம் கிளை அலுவலகங்களின் சிஸ்டம் வேலை பார்க்கிறவன் நான். பாளையங்கோட்டையோ அம்பாசமுத்திரமோ, ப்ராக்ஸி என்னவோ சென்னைத் தலைமை அலுவலகத்தில்தான் இருக்கும். "அண்ணாச்சி, நெட்டு நல்லாத்தான இருக்கு, அப்டேட் மட்டும் ஏன் ஏற மாட்டேங்கு?" என்று கணக்கர் கேட்பார். அங்கெல்லாம் பெரும்பாலும் மாட்டுவது 8024401பி என்ற பிழை எண். ப்ராக்ஸி 407 சொல்லி, அதாவது பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டு, திருப்பி அனுப்புகிறது என்று பொருள். பிரவுசர் என்றால் நீங்கள் டைப் செய்துவிடுவீர்கள். பின்னணியில் ஓடும் சர்வீஸுக்கு யார் டைப் செய்வது? கடைசி எழுத்து மாறி 80244018 என்று வந்தால் அது 403, ப்ராக்ஸி கதவையே அடைத்துவிட்டது.

இதற்கு உங்கள் கம்ப்யூட்டரில் மருந்து இல்லை. மைக்ரோசாஃப்டின் அப்டேட் டொமைன்களுக்கு லாகின் கேட்காமல் வழிவிடச் சொல்லி ப்ராக்ஸி பார்ப்பவருக்கு எழுதுங்கள். அவர் வைத்திருப்பது ஸ்க்விட் என்ற ப்ராக்ஸி சாஃப்ட்வேர் என்றால், அது விதிகளை மேலிருந்து கீழாகத்தான் படிக்கும். விலக்கு விதி லாகின் கேட்கும் விதிக்கு மேலே இருக்க வேண்டும். "போட்டாச்சு சார்" என்பார்கள், பார்த்தால் கடைசி வரியில் கிடக்கும்.

அதே டொமைன்களுக்கு எஸ்எஸ்எல் பிரித்துப் பார்ப்பதையும், அதாவது பூட்டி வரும் தகவலை ப்ராக்ஸி நடுவில் திறந்து பார்த்துத் தன் சான்றிதழோடு அனுப்புவதையும், நிறுத்தச் சொல்லுங்கள். கம்பெனி சான்றிதழைக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தாலும் அப்டேட் அதை நம்பாது. தேடல் முடிந்து டவுன்லோட் 0 சதவீதத்திலேயே நின்றால் வேறு சங்கதி: அப்டேட் ஃபைலைத் துண்டு துண்டாகக் கேட்கும், அந்த ரேஞ்ச் கோரிக்கையை ப்ராக்ஸி வெட்டுகிறதா என்று விசாரியுங்கள்.

யூடியூபில் சொல்வதுபோல் சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன் ஃபோல்டரை (இறக்கிய அப்டேட் ஃபைல்கள் கிடக்கும் இடம்) அழிப்பது இந்தக் கோளாறுக்கு வீண் வேலை. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது, ஆபீஸ் அனுமதித்தால், நல்ல சோதனை ('செட்' செய்திருந்தால் முதலில் கடைசியில் சொல்லும் 'ரீசெட்' வேண்டும்). அதில் ஏறிவிட்டால் குற்றவாளி ப்ராக்ஸி வழிதான். பவர்ஷெல்லில் 'கெட்-விண்டோஸ்அப்டேட்லாக்' கொடுத்தால் டெஸ்க்டாப்பில் ஒரு லாக் ஃபைல் விழும். 407 இருக்கும் வரிகளை வெட்டி மெயிலில் வையுங்கள், பதில் சீக்கிரம் வரும்.

அப்புறம், லேப்டாப் என்றால் ஒரு எச்சரிக்கை. 'செட்' செய்த ப்ராக்ஸி வீட்டுக்குப் போனாலும் கூடவே வரும், அங்கே அப்டேட் நின்றுவிடும். அப்போது 'நெட்ஷ் வின்ஹெச்டிடிபி ரீசெட் ப்ராக்ஸி' கொடுங்கள்.