செத்தாலும் நட்டமில்லை

கேள்வி: கனடாவில் இருக்கிற மச்சான் ‘வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்’ விளையாட மாதாமாதம் காசு கட்டுறானாம். அப்படி என்னதான் இருக்கு அதில?
– வாசகர், மல்லாவி

பதில்: தம்பி, 2004 நவம்பரில் பிளிசார்ட் நிறுவனம் வெளியிட்ட, இணையத்தில் பல பேர் சேர்ந்து விளையாடுகிற கணினி விளையாட்டு அது. 2010இல் 1 கோடியே 20 லட்சம் பேர் சந்தா கட்டினார்கள். படம் வடிவு என்பதால் மட்டும் இவ்வளவு சனம் சேராது.

அதற்கு முந்தின, இதே மாதிரியான ‘எவர்குவெஸ்ட்’ விளையாட்டில் செத்தால், பாடுபட்டுச் சேர்த்த, அடுத்த நிலைக்கு ஏற்றுகிற அனுபவப் புள்ளி குறையும். இதில் ஆவியாக ஓடிப்போய் உடலை எடுத்தால் சரி. சாதாரண கணினியிலும் ஓடியது.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. நெடுநேரம் விளையாடினால் கிடைக்கிற புள்ளி பாதியாகும் என்றுதான் பிளிசார்ட்காரர் முதலில் வைத்தார்கள். ஆட்கள் கொதித்துப் போனார்கள். உடனே கணக்கைத் தொடாமல் பெயரை மாற்றினார்கள்: ஓய்வெடுத்து வந்தவருக்கு இரட்டிப்புப் புள்ளி, மற்றவருக்கு வழமையான புள்ளி. அதே இரண்டுக்கு ஒன்று கணக்குத்தான், ஆனால் தண்டனை பரிசாகிவிட்டது. மனிதரை எவ்வளவு நன்றாக விளங்கி வைத்திருக்கிறார்கள்!

மற்றது, கூட்டு. எதிரிகள் நிறைந்த நிலவறைக்குள் ஐந்து பேர் போகவேணும்: ஒருவர் அடியைத் தாங்க, ஒருவர் காயம் ஆற்ற, மூவர் தாக்க. 20ஆம் நிலை வரை காசில்லாமல் விளையாடலாம். கிளிநொச்சியில் என் கணினி வகுப்புக்கு வருகிற, வாயே திறக்காத ஒரு பெடியன் அப்படித்தான் விளையாடுகிறான், காயம் ஆற்றுபவனாக. அவன் இல்லாமல் மற்ற நாலு பேரும் உள்ளே கால் வைக்கமாட்டார்கள். உங்கட மச்சானிட்டயும் அவர் எந்த வேலை செய்யிறார் என்று கேட்டுப் பாருங்கோ.