பின் இருக்கைக்குச் சார்ஜிங் வசதி: நீள வேண்டியது எந்த வயர்?

கேள்வி: எங்கள் காரின் முன்பக்கத்தில் ஒரு 12 வோல்ட் சாக்கெட்டும், ஆடியோ அமைப்புடன் இணைந்த ஒரு யுஎஸ்பி துளையும் மட்டுமே உள்ளன. பின் இருக்கையில் அமர்பவர்களுக்காக, யுஎஸ்பி துளையிலிருந்து இரண்டு மீட்டர் கேபிளை இழுத்து வைத்திருக்கிறோம். போன் மிக மெதுவாகச் சார்ஜ் ஆகிறது. டேப்லெட்டில் படம் பார்த்தால், சார்ஜில் இருக்கும்போதே அதன் சதவீதம் இறங்குகிறது. நீண்ட பயணங்களில் ஒரு லேப்டாப்பையும் பின்னால் சார்ஜ் செய்ய வேண்டியிருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் சிக்கலுக்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன. முதலாவது, ஆடியோ அமைப்போடு வரும் யுஎஸ்பி துளை பெரும்பாலும் பாட்டுக்காகவும் தரவுக்காகவும் வைக்கப்பட்டது. யுஎஸ்பி 2.0 தரப்படி அது தர வேண்டிய மின்னோட்டம் 0.5 ஆம்பியர்தான், 5 வோல்ட்டில் அது வெறும் 2.5 வாட். திரை எரிந்துகொண்டிருக்கும் டேப்லெட் அதைவிட அதிகமாகவே செலவழிக்கும் என்பதால், சதவீதம் இறங்குவதில் வியப்பில்லை.

இரண்டாவது காரணம் அந்த நீளமான கேபிள். மலிவான யுஎஸ்பி கேபிள்களுக்குள் இருக்கும் மின்கம்பி தலைமுடியைப் போல மெல்லியது. 0.08 சதுர மி.மீ. தடிமனுள்ள செப்புக் கம்பியில் இரண்டு மீட்டர் தூரம் போய்த் திரும்புவதென்றால், நான்கு மீட்டர் கம்பியின் மின்தடை ஏறக்குறைய 0.9 ஓம் ஆகிறது. அதில் 2 ஆம்பியரைச் செலுத்த முயன்றால் வழியிலேயே சுமார் 1.8 வோல்ட் கரைந்துவிடும். ஐந்தில் 1.8 போனால் மிஞ்சுவதை வைத்து எந்த போனும் சார்ஜ் ஆகாது. எனவே மின்னழுத்தம் சரிவதை உணர்ந்து, போன் தானாகவே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. முன்பக்கச் சாக்கெட்டில் வலுவான சார்ஜரைச் செருகினாலும், இதே கேபிள் இருக்கும்வரை பின்னால் பெரிய முன்னேற்றம் தெரியாது.

ஆகவே பின்னால் நீள வேண்டியது 5 வோல்ட் கேபிள் அல்ல, 12 வோல்ட் வயர். மின்னழுத்தத்தை மாற்றும் சார்ஜர், சாதனத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 1 சதுர மி.மீ. வயரில் மூன்று மீட்டர் தூரத்துக்கு 4 ஆம்பியரை அனுப்பினால் இழப்பு அரை வோல்ட்டைக்கூடத் தொடாது. எஞ்சின் ஓடும்போது சுமார் 14 வோல்ட் வரும் இடத்தில் அந்த இழப்பைச் சார்ஜர் பொருட்படுத்தவே பொருட்படுத்தாது.

இதை நடைமுறைப்படுத்த எளிய வழி, சாக்கெட்டில் செருகும் தலையிலிருந்து தடித்த வயர் பின்னோக்கி நீண்டு, அதன் முனையில் யுஎஸ்பி துளைகள் கொண்ட பெட்டி இருக்கும் வகைச் சார்ஜர். பெரும்பாலானோருக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. காரின் வயரிங்கைத் தொட வேண்டிய தேவையே எழாது. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: மாற்றும் மின்சுற்று பின்முனைப் பெட்டியில் இருக்க வேண்டும். அது முன்தலையிலேயே இருந்து, பின்னுக்கு 5 வோல்ட் மட்டும் வந்தால், பழைய சிக்கலைப் புதிய பெட்டியில் வாங்கியதாகிவிடும்.

லேப்டாப்புக்கு யுஎஸ்பி பவர் டெலிவரி (PD) வசதியுள்ள டைப்-சி துளை வேண்டும். இதில் சார்ஜரும் சாதனமும் பேசி முடிவு செய்து, 5, 9, 15, 20 வோல்ட்டுகளில் ஏற்றதைத் தேர்ந்துகொள்கின்றன. 60 வாட் வரை சாதாரணமான இருமுனை டைப்-சி கேபிள் போதும். அதற்கு மேல் 5 ஆம்பியரைத் தாங்கும், அடையாளச் சிப் பொருத்தப்பட்ட கேபிள் தேவை. சார்ஜரின் மேல் அச்சிட்டிருக்கும் வாட் எண் பெரும்பாலும் எல்லாத் துளைகளுக்கும் சேர்த்த கூட்டுத்தொகை. இரண்டாவது போனைச் செருகியவுடன் லேப்டாப்புக்கான பங்கு குறைவது இதனால்தான்.

இனி சாக்கெட்டின் தாங்குதிறனைக் கணக்கிடுவோம். லேப்டாப்புக்கு 60 வாட், டேப்லெட்டுக்கும் போனுக்கும் தலா 20 வாட் என்றால் மொத்தம் 100 வாட். மாற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். உங்கள் சாக்கெட்டின் ஃபியூஸ் 10 ஆம்பியர் என்றால் இது விளிம்பில் நிற்பது. 15 ஆம்பியர் என்றால் கவலையில்லை. ஃபியூஸ் எரிந்தால் அதைவிடப் பெரியதைப் போடாதீர்கள்: ஃபியூஸ் காப்பது சார்ஜரை அல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் வயரை. ஒரு சாக்கெட்டை மூன்றாகப் பிரிக்கும் இணைப்பான்களும் அதே ஃபியூஸிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. அந்தச் சாக்கெட் முதலில் சிகரெட் பற்றவைக்க, அதாவது சில விநாடிகள் மட்டும் வேலை செய்ய, உருவானது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். தளர்வாக நிற்கும் செருகி பல மணி நேரம் மின்னோட்டத்தைத் தாங்கும்போது, தொடும் இடம் சூடேறிப் பிளாஸ்டிக் இளகிவிடலாம்.

இன்வெர்ட்டர் வைத்து வீட்டு சார்ஜரைப் பயன்படுத்தலாமே என்று சிலர் கேட்பார்கள். காரின் 12 வோல்ட் டிசியை வீட்டு மின்சாரம் போன்ற ஏசியாக்கி, உடனே மீண்டும் டிசியாக்குவதில் இரண்டு முறை இழப்பு. டைப்-சி வழியாகச் சார்ஜ் ஆகாத பழைய லேப்டாப்பைத் தவிர வேறெதற்கும் அது வேண்டாம்.

முன் சாக்கெட்டை வேறு பயன்பாட்டுக்கு விட்டுவிட்டு, பின்னால் நிரந்தரமான துளைகளே வேண்டும் என்றால், ஃபியூஸ் பெட்டியிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டும். சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர்பெறும் இடத்தை மல்டிமீட்டரால் கண்டறிந்து, அங்கே ஃபியூஸ் டேப் என்னும் கிளை இணைப்பானைப் பொருத்துவது வழக்கம். ஏர்பேக், ஏபிஎஸ், எஞ்சின் கட்டுப்பாட்டு அமைப்பு ஆகியவற்றின் ஃபியூஸ்களை எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது. டேப்பின் திசையும் முக்கியம்: தலைகீழாகச் செருகினால் வேலை செய்வதுபோலவே தோன்றும், ஆனால் புதிய சுமையும் பழைய ஃபியூஸ் வழியாகவே ஓடும். நெகட்டிவ் முனையை, பெயின்ட் இல்லாத உலோகத்தில் இறுக்கிய போல்ட்டில் இணையுங்கள்.

வயரைக் கதவடியிலுள்ள பிளாஸ்டிக் மூடிக்குக் கீழோ, நடுக் கன்சோலுக்கு உள்ளேயோ கொண்டுபோகலாம். முன் இருக்கையின் அடியில் தென்படும் மஞ்சள் நிற இணைப்பான்கள் ஏர்பேக்கையும் சீட் பெல்ட் இறுக்கியையும் சேர்ந்தவை. அவற்றைக் கழற்றவும் கூடாது, அவற்றோடு புதிய வயரைச் சேர்த்துக் கட்டவும் கூடாது. கூரையைத் தாங்கும் பக்கத் தூண்களில், திரைபோல இறங்கும் ஏர்பேக் விரியும் பாதை இருப்பதால் அங்கும் வயர் வேண்டாம். இருக்கை நகரும் தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில், இருக்கையை முழுவதும் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்து, வயர் நசுங்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். இந்த வேலையில் பழக்கமில்லாதவர்கள் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடுவதே நல்லது.

சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் வரும் சாக்கெட்டாக இருந்தால், சார்ஜரைச் செருகியபடியே காரை நாள்கணக்கில் நிறுத்தாதீர்கள். வோல்ட் காட்டும் திரையுள்ள சார்ஜர் சும்மா இருக்கும்போது 20 மில்லி ஆம்பியர் எடுத்தாலே, இரண்டு வாரத்தில் ஏறக்குறைய 7 ஆம்பியர் மணி பேட்டரியிலிருந்து போய்விடும்.

எல்லாம் பொருத்தியபின், மூடிகளை மீண்டும் மாட்டுவதற்கு முன், மூன்று சாதனங்களையும் ஒருசேரச் செருகி, காரை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, செருகியையும் ஃபியூஸ் டேப்பையும் இணைப்புகளையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பானது, கை வைக்க முடியாத அளவு சுட்டால் அந்த இணைப்பு தளர்ந்திருக்கிறது, அதைப் பிரித்து மீண்டும் இறுக்க வேண்டும்.