பையனின் முடியை விடுங்கள், பின்னால் நிற்கும் அண்ணனைப் பாருங்கள்: கேள்வி பதில்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் பள்ளிப் பையன்கள் செட்டு சேர்ந்து அடிதடி, கஞ்சா, கடத்தல் என்று போய்விடுவதை முன்கூட்டியே எப்படிக் கண்டுகொள்வது என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். சிறார் வழக்குகளில் நன்னடத்தை அலுவலராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பிடிபட்ட பையனின் வீட்டுக்கும் பள்ளிக்கும் போய் விசாரித்து, அவன் எப்படி இதில் வந்து சேர்ந்தான் என்று சிறார் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அறிக்கை எழுதுவது என் வேலை. தெரிந்ததைச் சொல்கிறேன். எந்தப் பையனின் பெயரையும் படத்தையும் இங்கே போடாதீர்கள். சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவில் அது குற்றம்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தாய்: என் மகனுக்கு 15 வயசு. கையில காசு புழங்குது, புது போன் வச்சிருக்கான். கேட்டா போட்டுக்குப் போனேங்கிறான். நம்புறதா வேண்டாமா?

நம்பலாமா என்பதை நீங்களே விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம் அம்மா. நம் ஊரில் பையன் கையில் காசு இருந்தாலே கெட்ட வழி என்று முடிவு கட்டிவிட முடியாது. ஐஸ் ஏற்றுவது, வலை பிரிப்பது, மீன் இறக்குவது என்று கரையில் நேர்மையான வேலை நிறைய உண்டு. அந்த வேலைக்குப் போகிறவனின் கையைப் பாருங்கள். கயிறு இழுத்து விரல் மடிப்பில் தோல் உரிந்திருக்கும், நண்டும் முள்ளும் கிழித்த கோடுகள் இருக்கும், எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் வாடை முழுசாகப் போகாது. கை வழவழவென்று இருந்து பணம் மட்டும் வந்தால் யோசிக்க வேண்டும்.

அப்புறம் விவரம் கேளுங்கள். எந்தப் போட்டு, ஓட்டுநர் யார், கூட வந்தது யார், பங்கு எவ்வளவு? உண்மையாகப் போனவன் நீங்கள் கேட்காததையும் சேர்த்துச் சொல்வான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த மாதங்களில் 'போட்டுக்குப் போனேன்' என்றால் மராமத்து வேலையாக இருக்கலாம், அதற்கும் ஓனர் பெயர் ஒன்று இருக்கும். தடைக்காலமும் பள்ளி விடுமுறையும் ஒன்றாக வருகிற அந்த இரண்டு மாதம்தான் எனக்கு எப்போதும் பயம். வீட்டில் காசு இருக்காது, பையனுக்கு வேலை இருக்காது, கரையில் யாராவது ஒரு அண்ணன் பிரியாணி வாங்கிக் கொடுப்பான்.

போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் வேறு போன் அன்றைக்கே வரும், கொடுத்தவன் அவனுக்கு இன்னும் நெருக்கமாவான். யார் கொடுத்தது என்று மட்டும் விடாமல் கேளுங்கள். 15 வயதில் அவன் கடலுக்குப் போவது தனிப் பிரச்சினை. அதைப் பள்ளியில் பேசுங்கள்.

தேவிபட்டினம் பக்கம் ஓர் ஆசிரியை: பச்சை குத்துவது, ஒரே நிறச் சட்டை, கை அடையாளம் என்று இணையத்தில் பட்டியல் இருக்கிறது. நம் மாணவர்களுக்குப் பொருந்துமா?

அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் அமெரிக்க நகரங்களை வைத்து எழுதியவை. லாஸ் ஏஞ்சல்ஸில் கிரிப்ஸ் கும்பலுக்கு நீலம், பிளட்ஸ் கும்பலுக்குச் சிவப்பு. அங்கே அதற்கு அர்த்தம் இருந்தது. இங்கே நிறத்தைத் தேடினால் மணிக்கட்டுக் கயிறுதான் அகப்படும், அது பெரும்பாலும் சாதிக் கயிறு. நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே சாதிப் பகையில் வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் கொடுத்த அறிக்கையில் அந்தக் கயிறே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. சாதிச் செட்டும் ரௌடிச் செட்டும் சில ஊர்களில் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது உண்மை. ஆனால் கயிறு கட்டியவனெல்லாம் செட்டில் இருக்கிறான் என்று எழுதிவிடாதீர்கள்.

நான் பார்த்த அறிகுறிகள் வேறு. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவன் பழைய நண்பர்களை ஒரே மாதத்தில் விட்டுவிடுகிறான். தன்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர்களோடு சுற்றுகிறான். பள்ளி வாசலில் நம்பர் பிளேட் இல்லாத வண்டி வந்து நிற்கிறது, மணி அடிக்குமுன் இவன் கண் வெளியே போகிறது. பிறந்தநாளுக்குப் பட்டாக்கத்தியால் கேக் வெட்டி ரீல்ஸ் போடுகிறான். பேச்சில் 'சம்பவம்' (வெட்டு, கொலை), 'ஸ்கெட்ச்' (ஆளைத் தாக்கப் போடும் திட்டம்), 'பொருள்' (ஆயுதம் அல்லது கஞ்சா) என்று வருகிறது. கல்யாண பிளெக்ஸில் கீழ் வரிசையில் பட்டப்பெயரோடு இவன் படமும் இருக்கிறது. இதில் ஒன்று மட்டும் இருந்தால் வயசுக் கோளாறு. மூன்று நான்கு சேர்ந்து, கூடவே விளக்க முடியாத பணமும் இருந்தால் உட்கார்ந்து பேசுங்கள்.

ஒன்றை மட்டும் தனியே சொல்கிறேன். செட்டில் ஒருவன் வெட்டுப்பட்டுச் செத்த பிறகு பையன்களின் ஸ்டேட்டஸைக் கவனியுங்கள். அஞ்சலிப் படத்தின் கீழே பழி, கணக்கு, தேதி என்று வந்தால் அன்றைக்கே காவல் நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள், மறுநாள் என்று தள்ளாதீர்கள்.

தொண்டி: பையன் கூல் லிப் போடுறான். கேங்கா?

இல்லை. அது புகையிலை, பல்லும் ஈறும் கெடும், விடவைக்க வேண்டும். எந்தக் கடையில் வாங்குகிறான் என்று பாருங்கள். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்பதே குற்றம்.

சாயல்குடி, ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்: நீங்கள் சுற்றி வளைக்கிறீர்கள் அம்மா. எங்கள் காலத்தில் முடியை ஒட்ட வெட்டி, பிரம்பால் நாலு கொடுத்தால் கேங்கும் இல்லை, செட்டும் இல்லை. புள்ளிங்கோ கட்டிங் இல்லாத ரௌடியைக் காட்டுங்கள் பார்ப்போம்.

காட்டுகிறேன் சார். நான் அறிக்கை எழுதிய பையன்களில் மிகவும் ஆபத்தான வேலைக்குப் போனவர்கள் எண்ணெய் தடவி வகிடு எடுத்துச் சீவியிருந்தார்கள். அவர்கள் சோதனைச் சாவடியில் நிற்காமல் போக வேண்டும் என்பதற்காக அந்த அண்ணன்களே அப்படிச் சீவச் சொல்லியிருந்தார்கள். பிரம்பைப் பற்றி: கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல் தண்டனையைத் தடை செய்கிறது.

தொண்டி, முடிதிருத்துபவர்: ஸ்கூல்ல இருந்து வந்து இந்த வெட்டு வெட்டக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாங்க. நான் வெட்டலைன்னா பையன் ராம்நாட்டுல போய் வெட்டிட்டு வர்றான். என் பொழப்புதான் போச்சு.

உங்கள் வருத்தம் நியாயம் தம்பி. ஆனால் பையன்கள் கடையில் உட்கார்ந்து பேசுவது உங்கள் காதில்தான் முதலில் விழும். யார் யாரைத் தேடுகிறான் என்று உங்களுக்குத் தெரிகிற அளவு தலைமையாசிரியருக்குத் தெரியாது. பள்ளிக்காரர்கள் உங்களிடம் கேட்டிருக்க வேண்டியது அதைத்தான்.

சாயல்குடி ஆசிரியர் மறுபடி: சட்டம் பேசுவது சுலபம். வகுப்பில் நின்று பாருங்கள். ஒழுங்கு முடியில்தான் ஆரம்பிக்கும்.

பாம்பன், 22 வயது: சார், எனக்கு ஒன்பதாவதுல பிரேயர்ல வச்சு நடுமண்டைல முடிய வெட்டி விட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அன்னைக்கு ஸ்கூலுக்கு வெளிய வண்டில இருந்த ஒரு அண்ணன் மட்டும் சிரிக்கல. சலூனுக்குக் கூட்டிட்டுப் போய் காசு குடுத்தாரு. அடுத்த ரெண்டு வருசம் அவரு சொன்னதெல்லாம் செஞ்சேன். இப்ப கேரளாவுல வெல்டிங் வேலை.

சார், இந்தத் தம்பி எழுதியதை இன்னொரு முறை படியுங்கள். உங்கள் கண்டிப்பில் அக்கறை இருப்பதை நான் மறுக்கவில்லை. வகுப்பில் நாற்பது பேரை வைத்துச் சமாளிப்பது எவ்வளவு கஷ்டம் என்றும் தெரியும். ஆனால் பள்ளியில் எல்லார் முன்னாலும் தலைகுனிந்தவனுக்காக அந்த வண்டி வெளியே காத்திருக்கிறது. முடியைப் பற்றி இதற்கு மேல் பதில் சொல்லப் போவதில்லை.

தலைமையாசிரியர், கடலோர ஊர்: பிளஸ் ஒன் பையன் பையில் கத்தி இருந்தது. டிசி கொடுத்து அனுப்பிவிடலாம் என்று பெற்றோர் கழகம் சொல்கிறது.

டிசி கொடுக்காதீர்கள். எட்டாம் வகுப்பு வரை வெளியேற்றச் சட்டமே இடம் தராது, பதினொன்றாம் வகுப்பில் உங்கள் கையில் அதிகாரம் இருக்கலாம். ஆனாலும் கொடுக்காதீர்கள். பள்ளியில் இருந்தவரை செட்டுக்கு அவனுடைய சாயங்காலம்தான் கிடைத்தது. டிசி கொடுத்தால் முழு நாளும் கிடைக்கும்.

கத்தியை இன்னொரு ஆசிரியர் முன்னிலையில் வாங்கிப் பூட்டி வையுங்கள். அப்புறம் அவனைத் தனியே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, யாரை வெட்டப் போனாய் என்று கேட்காமல், யாருக்குப் பயப்படுகிறாய் என்று கேளுங்கள். என்னிடம் வந்த கத்திப் பையன்களில் பாதிக்கு மேல் பயத்தில் வைத்திருந்தவர்கள். ஒரு பையன் பேருந்தில் ஒரு குறிப்பிட்ட நிறுத்தத்தைத் தாண்டும்போது மட்டும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வான். நடத்துனர்தான் எனக்கு அதைச் சொன்னார். அந்த நிறுத்தத்தில் ஏறும் எதிர்ச் செட்டுதான் விஷயம். பேருந்து மாற்றிவிட்டோம், கத்தி தேவைப்படவில்லை.

காவல்துறைக்குச் சொல்லவும் வேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அவரை மஃப்டியில் வரச் சொல்லுங்கள். ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனையுள்ள குற்றத்தில், பெரியவர்கள் கூட்டு இல்லாவிட்டால், சிறுவன் மேல் எஃப்ஐஆர் போடாமல் பொது நாட்குறிப்பில் பதிந்து குழுமத்துக்கு அறிக்கை அனுப்ப விதி இருக்கிறது. லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு மாட்டக் கூடாது. இது தெரிந்த தலைமையாசிரியர் கூட இருந்தாலே பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும்.

பெற்றோர் கழக வாட்ஸாப் குழுவில் கத்திப் படம் சுற்றுகிறதா? இன்றே அழிக்கச் சொல்லுங்கள். எதிர்ச் செட்டும் அதைப் பார்க்கும்.

ஏர்வாடி: என் தம்பி முடிக்குச் செம்பட்டைக் கலர் அடிச்சிருக்கான், அவனும்...

மேலே எழுதியிருக்கிறேன்.

கீழக்கரை: கையில் கயிறு...

அதுவும் மேலே இருக்கிறது. பணத்தையும் பழக்கத்தையும் பாருங்கள்.

மண்டபம், நாட்டுப்படகு மீனவர்: அக்கா மகனுக்கு 16 வயசு. ராத்திரி கரையில நின்னு யாராச்சும் வந்தா போன் போடச் சொல்லி 500 ரூபா குடுத்திருக்காங்க. அவன் எதையும் தொடல. தப்பா?

தப்பு அவனுக்கு 500 கொடுத்தவனுடையது, ஆனால் மாட்டுவது அவன். கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை 1-இல் இருக்கிறது, பிடித்தாலே குற்றம். அதுவோ பீடி இலையோ கஞ்சாவோ, அக்கரைக்கு, அதாவது இலங்கைக்கு, போகும் சரக்கு எதுவானாலும் படகு ஏற்றுகிறவர்கள் கரையில் ஒரு சின்னப் பையனை நிறுத்தப் பார்ப்பார்கள். பெரியவன் நின்றால் சந்தேகம் வரும், பையன் நின்றால் காற்று வாங்குகிறான் என்று ரோந்துக்காரர்கள் போய்விடுவார்கள். பிடிபட்டாலும் 'சின்னப் பையன், விட்டுடுவாங்க' என்று சொல்லித்தான் அழைத்துவருகிறார்கள்.

சட்டம் இங்கே தெளிவாக இருக்கிறது. சிறுவரைச் சட்டவிரோத வேலைக்குப் பயன்படுத்தும் பெரியவருக்கு சிறார் நீதிச் சட்டம் 83-இன் கீழ் 7 ஆண்டு வரை கடுங்காவல், 5 லட்சம் ரூபாய் அபராதம். போதைப்பொருள் சுமக்கவோ விற்கவோ வைத்தால் 78-வது பிரிவு தனியாக உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 95-வது பிரிவு, குற்றம் செய்யச் சிறுவரை அமர்த்துகிறவனுக்கு 3 முதல் 10 ஆண்டு வரை தண்டனை சொல்கிறது. பையனை வைத்துப் பேசும் ஒவ்வொரு இடத்திலும் இந்த எண்களைச் சொல்லுங்கள். விசாரணை பெரும்பாலும் பையனோடு நின்றுவிடுகிறது. அது எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம்.

மருமகனை இரண்டு மூன்று வாரம் உறவினர் வீட்டுக்கு அனுப்புங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைத்துச் சொல்லுங்கள். கொடுத்தவனிடம் நீங்களே போய்ச் சண்டை போட வேண்டாம்.

பெயர் சொல்லாத மாணவி, பிளஸ் டூ: அண்ணனோட பிரண்ட்ஸ் என்கிட்ட பொட்டலம் குடுத்து ஸ்கூல் பேக்ல வச்சுக்கச் சொல்றாங்க. பொண்ணு பைய செக் பண்ண மாட்டாங்களாம். அம்மாகிட்ட சொன்னா அண்ணன் அடிப்பான்.

அம்மாடி, நீ எழுதியதே பெரிய விஷயம். இனி வாங்காதே. மறுக்க முடியாவிட்டால் உன் பள்ளியில் நீ நம்புகிற ஒரு டீச்சரிடம் இதே வார்த்தையில் சொல். 1098-க்கு நீயே அழைக்கலாம், பெயர் வெளியே வராது. இதில் குற்றவாளி நீ இல்லை. மற்றவர்கள் இந்தக் கேள்விக்கு ஊர் கேட்டு, பெயர் கேட்டு எழுத வேண்டாம்.

ஆர்.எஸ்.மங்கலம்: ஒருமுறை கேஸ் ஆனால் அரசு வேலையே கிடைக்காதாமே?

சிறார் நீதிச் சட்டம் 24-வது பிரிவுப்படி சிறாராக இருந்தபோது முடிவான வழக்கு தகுதியிழப்பு ஆகாது. 16 வயதுக்கு மேல் கொடுங்குற்றம் செய்து பெரியவராக விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் இது வேறு. வழக்கறிஞரைப் பாருங்கள், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கிடைப்பார்.

ராமநாதபுரம்: இதெல்லாம் எந்தக் கட்சியால் வந்தது?

இந்தக் கேள்விக்கு இங்கே இடமில்லை.

ராமேஸ்வரம், ஓர் அப்பா: மகன் விலகணும்னு சொல்றான். அவங்க விட மாட்டேங்குறாங்க. செலவு பண்ண காசைத் திருப்பிக் குடுங்கிறாங்க.

ஐயா, மகன் உங்களிடம் சொல்லிவிட்டான், அது போதும் ஆரம்பிக்க. அமெரிக்காவில் ராச்செஸ்டர், சியாட்டில் போன்ற நகரங்களில் பல ஆண்டு பின்தொடர்ந்து செய்த ஆய்வுகளில், கும்பலில் சேர்ந்த பையன்களில் பெரும்பாலோர் ஓரிரு ஆண்டுக்குள் விலகிவிட்டார்கள். உள்ளே இருந்தபோது செய்த குற்றம் வெளியே வந்ததும் குறைந்தது. இங்கும் நான் கண்டது அதுதான்.

விலகுகிறேன் என்று அவன் அறிவிக்க வேண்டாம், ஸ்டேட்டஸ் போட வேண்டாம். வேலை, படிப்பு, பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று வராமலே இருக்கட்டும். பரமக்குடி ஐடிஐ மாதிரி கொஞ்சம் தள்ளி இருக்கிற படிப்பு கிடைத்தால் நல்லது. காசு விஷயத்தில் தொகையைப் பேசி ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒருமுறை கொடுத்தால் அடுத்த மாதம் இன்னொரு கணக்கு வரும். மிரட்டல் குரல்பதிவோ செய்தியோ இருந்தால் அழிக்காமல் எடுத்து வைத்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு மகனோடு நீங்களும் போங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் இடம் காட்டுவார்கள். வீட்டு வாசலில் ஆள் வந்து நின்றால் யோசிக்காமல் 112-க்கு அழையுங்கள்.