சர்வர் மேய்ப்பவரிடம் கேளுங்கள்

கேள்வி (ஜூரோங்): அக்கா, எங்கள் ஆபீஸ் சர்வர்கள் எல்லாம் கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் வெளி நிறுவனக் கணினிகளுக்கு, போய்விட்டன. இனிப் பாதுகாப்பு அவர்கள் பொறுப்புதானே?

பதில்: பாதிதான் தம்பி. நம் சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கை நினைத்துக்கொள்ளுங்கள். லிஃப்டையும் தாழ்வாரத்தையும் நகர மன்றம் பார்த்துக்கொள்ளும். வீட்டுக் கதவை நீங்கள்தான் பூட்ட வேண்டும். கட்டடம், மின்சாரம், வன்பொருள் கிளவுட்காரர் பாடு. யாருக்கு என்ன அனுமதி, எந்த ஸ்டோரேஜ் ஊருக்கே திறந்து கிடக்கிறது என்பதெல்லாம் உங்கள் பாடு. இன்றைக்கே அட்மின் கணக்குகளின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். வேலையை விட்டுப் போனவர் பெயர் ஒன்றாவது இருக்கும்.

கேள்வி (ஈசூன்): சர்வர்கள் இருக்கும் டேட்டா சென்டர் படுத்தால் கைகொடுக்க ஒரு மாற்று டேட்டா சென்டருக்குக் காசு கேட்டால் முதலாளி முறைக்கிறார். அவ்வளவு அவசியமா?

பதில்: அவசியம்தான், ஆனால் வாங்கிப் போட்டால் மட்டும் ஆகாது. 2023 அக்டோபர் 14, சனிக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? டேட்டா சென்டரில் குளிரூட்டும் அமைப்பு பழுதாகி டிபிஎஸ், சிட்டிபேங்க் வங்கிகளின் சேவைகள் படுத்துவிட்டன. இரண்டுக்கும் மாற்று டேட்டா சென்டர் இருந்தது. அங்கே மாறும்போதுதான் ஒன்றுக்கு நெட்வொர்க் அமைப்பில் பிழை, மற்றதற்கு இணைப்புச் சிக்கல். சுமார் 25 லட்சம் பரிவர்த்தனைகள் நடக்காமல் போயின.

நானும் பட்டிருக்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் இரவுதோறும் பேக்கப் (தரவின் காப்பு நகல்) முடிந்ததாகப் பச்சை டிக் வரும். மூன்று வருடம் யாரும் திறந்து பார்க்கவில்லை. சர்வர் விழுந்த அன்று பேக்கப் பாஸ்வேர்டு கேட்டது. அது எங்கே இருந்தது தெரியுமா? விழுந்த அதே சர்வரில், ஓர் எக்செல் ஃபைலில்!

அதனால் காசு கேட்கும் முன் ஒரு சனிக்கிழமையைக் கேளுங்கள். சம்பள சர்வரை மட்டும் பேக்கப்பிலிருந்து வேறோர் இடத்தில் எழுப்பிப் பாருங்கள். எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதி முதலாளி மேசையில் வையுங்கள். அப்புறம் அவரே பேச்சை எடுப்பார்.

கேள்வி (தேக்கா): வாடிக்கையாளர் விவரம் கசிந்தால் எப்போது சொல்ல வேண்டும்?

பதில்: 500 பேரோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டால், அல்லது யாருக்காவது பெரிய தீங்கு வருமென்றால், தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் சொல்லியாக வேண்டும். அறிவிக்க வேண்டிய கசிவு என்று முடிவான பிறகு 3 நாள்தான். சனி, ஞாயிறும் கணக்கில் சேரும்.

கேள்வி (பொங்கோல்): பேட்ச் (ஓட்டையை அடைக்கும் அப்டேட்) போட்டால் மென்பொருள் உடைகிறது. தள்ளிப்போடலாமா?

பதில்: இணையத்தைப் பார்த்து நிற்கும் சர்வர்களுக்குத் தள்ளவே கூடாது. மற்றவற்றுக்குப் படிப்படியாகப் போடுங்கள். 2024 ஜூலையில் கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் கோளாறான அப்டேட் ஒரே வீச்சில் எங்கும் போனதால்தான் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. எங்கள் ஆபீசில் எந்த பேட்சும் முதலில் என் லேப்டாப்பில்தான். போன மாதம் இரண்டு நாள் பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்திருந்தேன்.